கடலை உருண்டை, கடந்தை, மாங்காய்ப் பால்: ஒவ்வாமை கேள்வி–பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் ஒவ்வாமை பற்றி அனுப்பிய கேள்விகளில் ஏழை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பெயர்களை விட்டுவிட்டோம். பல கடிதங்களில் 'அலர்ஜி' என்ற ஒரு சொல் மட்டும் இருக்கிறது. எதைத் தொட்டு வந்தது, எவ்வளவு நேரத்தில் வந்தது என்ற விவரம் இல்லை. அந்த இரண்டையும் குறித்து வைத்தால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி.

என் மகன் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். கடலை உருண்டையை ஒரு கடி கடித்தாலே உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துப் போகிறது. போன முறை வாந்தியும் எடுத்தான். பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லி வைப்பது? வீட்டில் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய்தான் ஊற்றுகிறோம், அது பரவாயில்லையா?
– வாசகி, பாப்பாரப்பட்டி

எண்ணெயை இன்றே நிறுத்திவிடுங்கள். ஒவ்வாமையைக் கிளப்புவது நிலக்கடலையில் உள்ள புரதம். செக்கில் ஆட்டிய எண்ணெயில் அந்தப் புரதம் கொஞ்சம் தங்கிவிடும். நல்லெண்ணெய்க்கோ தேங்காய் எண்ணெய்க்கோ மாறினாலும், கடலை ஆட்டிய அதே செக்கில் ஆட்டியதா என்று கேளுங்கள். முந்தைய ஆட்டத்தின் பிண்ணாக்கு உரலில் ஒட்டியிருக்கும்.

அடுத்து அந்த வாந்தி. தோலில் தடிப்பும் வயிற்றில் கோளாறும் ஒரே நேரத்தில் வந்ததால் அதைச் சாதாரண அலர்ஜியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அனாஃபிலாக்சிஸ் என்ற கடும் ஒவ்வாமையின் வாசலுக்கே போய் வந்திருக்கிறான். அடுத்த முறை இதைவிட லேசாக வரலாம், மூச்சு இழுப்பும் மயக்கமும் சேர்ந்தும் வரலாம். முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் குழந்தைகள் நல மருத்துவரிடம் ஒரு முறை கட்டாயம் காட்டுங்கள்.

பள்ளிக்கு ஒரு பக்கத் தாள் போதும். மேலே பையனின் படம், பெயர், எடை. அதன் கீழே 'நிலக்கடலை எந்த வடிவிலும் கூடாது' என்று எழுதி வடிவங்களையும் சொல்லுங்கள்: வேகவைத்த கடலை, கடலை மிட்டாய், கடலைச் சட்னி, இட்லிப் பொடி, மிக்சர், பிறந்தநாளுக்குக் கொண்டுவரும் இனிப்பு. பிறகு அறிகுறிகள், என்ன செய்ய வேண்டும், இரண்டு தொலைபேசி எண்கள். தலைமை ஆசிரியர், வகுப்பு ஆசிரியர், சத்துணவு அமைப்பாளர், சமையலர் என நான்கு பேருக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். ஒருவர் விடுப்பில் போனால் விஷயம் நின்றுவிடக் கூடாது. சமையலரிடம் கரண்டியைப் பற்றியும் சொல்லுங்கள். கடலைச் சட்னியில் போட்ட கரண்டி சாம்பாருக்குள் வந்தால் சாம்பாரும் கடலைதான். பக்கத்துப் பிள்ளைகள் கடலை தின்றுவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வெறும் தண்ணீரிலும் சானிடைசரிலும் அந்தப் புரதம் முழுதாகப் போகாது.

இனி அவசரம். கடலை வாயில் பட்ட பிறகு குரல் கம்முவது, இருமல், இழுப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, முகம் வெளிறித் துவண்டு போவது, இவற்றில் ஒன்று வந்தாலும் போதும். தோலில் தடிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், சிலருக்குத் தடிப்பே வராது. இதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி ஒன்றுதான். தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள் போட வேண்டும். 1 மில்லியில் 1 மில்லிகிராம் உள்ள மருந்தில், கிலோவுக்கு 0.01 மில்லி கணக்கு. 20 கிலோ பிள்ளைக்கு 0.2 மில்லி. குழந்தைகளுக்கு உச்ச அளவு 0.3 மில்லி, பெரியவர்களுக்கு 0.5 மில்லி. தெளியவில்லை என்றால் 5 நிமிடத்தில் இன்னொரு முறை போடலாம்.

மருத்துவர் எழுதிக் கொடுத்து, ஊசியில் எடுத்துப் போடவும் கற்றுக்கொடுத்தால் வீட்டிலும் பள்ளியிலும் ஒவ்வொரு ஆம்பியூல் (மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பி) வைத்துக்கொள்ளலாம். வெளிச்சம் படாமல் வையுங்கள். மருந்து பழுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறியிருந்தால் எறிந்துவிடுங்கள். வீட்டில் தாத்தாவுக்குச் சர்க்கரை ஊசி இருக்கிறதே என்று அதை எடுக்கக் கூடாது. அதன் முனை குட்டை, தசை வரை போகாது. அதன் கோடுகளும் யூனிட் கணக்கு, மில்லி கணக்கு இல்லை.

கையில் மருந்து இல்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில் இருந்தால் அங்கேயே ஓடுங்கள். தடுப்பூசி போடும் இடங்களில் அவசரத்துக்கென்று அட்ரினலின் வைத்திருப்பார்கள். உங்கள் நிலையத்தில் இரவில் யார் இருப்பார்கள் என்பதை இன்றே போய்க் கேட்டு வையுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். துவண்டு போன பிள்ளையை வண்டியில் இருவருக்கு நடுவே நிமிர்த்தி உட்காரவைத்துக் கொண்டு போகாதீர்கள். ரத்த அழுத்தம் விழுந்திருக்கும் நேரத்தில் நிமிர்த்தினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து உயிரே போகலாம். ஆட்டோவிலோ காரிலோ படுக்கவைத்து, காலை உயர்த்திக் கொண்டு போங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் மட்டும் சாய்ந்து உட்காரட்டும், கால் நீட்டியபடி இருக்கட்டும். ஏவில் என்ற அலர்ஜி ஊசியும் டெக்கா என்ற ஸ்டீராய்டு ஊசியும் அரிப்பைக் குறைக்கும், அட்ரினலினுக்கு ஈடாகாது. தெளிந்த பிறகும் சில மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், அடங்கிய ஒவ்வாமை மறுபடி அலையாக வருவதுண்டு.

எங்கள் பக்கம் மலைத்தேனீயும் கடந்தையும் அதிகம். ஆடு மேய்க்கப் போகிறவர்களைக் கொட்டிவிடுகிறது. சுண்ணாம்பு தடவுகிறோம். ஆஸ்பத்திரி தூரம். என்ன செய்யலாம்?
– வாசகர், அஞ்செட்டி

சுண்ணாம்பு தோலை வேகவைக்கும், விஷத்தை எடுக்காது. தேனீ கொட்டினால் அதன் கொடுக்கு, விஷப்பையோடு தோலில் நின்றுவிடும். பை துடித்துத் துடித்து விஷத்தை உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும். அதனால் நகத்தால் வழித்தோ பிடுங்கியோ சில நொடிகளில் எடுத்துவிட வேண்டும். எப்படி எடுப்பது என்று யோசிப்பதைவிடச் சீக்கிரம் எடுப்பதுதான் முக்கியம். கடந்தையும் குளவியும் கொடுக்கை விடுவதில்லை, ஆனால் திரும்பத் திரும்பக் கொட்டும்.

கூட்டமாக வந்தால் அடித்து நசுக்காதீர்கள். நசுங்கிய தேனீயிலிருந்து வரும் வாசனை மற்றவற்றை இழுத்துவரும். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளோ வண்டிக்குள்ளோ ஓடுங்கள். தண்ணீரில் குதித்தால் தலை தூக்கும் வரை மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

கொட்டிய இடம் மட்டும் வீங்கி, இரண்டு மூன்று நாள் வலிப்பது சகஜம். கொட்டாத இடத்திலும் தடிப்பு வந்தால், தொண்டை அடைத்தால், தலை சுற்றினால் அது கடும் ஒவ்வாமை. மேலே பாப்பாரப்பட்டி வாசகிக்குச் சொன்ன அதே முறைதான். வாய்க்குள் கொட்டினாலோ, பத்து இருபதுக்கு மேல் கொட்டியிருந்தாலோ அலர்ஜி இல்லாதவரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அளவு மீறிய விஷம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. வீடு தேடி மாத்திரை கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. உங்கள் மாத்திரை அட்டையில் அட்டெனலால் என்று இருந்து, ஏற்கெனவே கொட்டி மயங்கியும் இருக்கிறீர்கள் என்றால், அந்த ஊழியரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். அந்த வகை மாத்திரை அட்ரினலின் வேலை செய்வதைத் தடுக்கும். வேறு மாத்திரைக்கு மாற்ற வழி உண்டு. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சாமந்தித் தோட்டத்தில் வேலை. கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் கறுத்துத் தடித்து, ராத்திரியில் அரிப்புத் தாங்க முடியவில்லை. மெடிக்கலில் வாங்கிய கிரீம் போட்டால் நாலு நாள் நன்றாக இருக்கிறது, விட்டால் முன்னைவிட மோசம்.
– வாசகி, இராயக்கோட்டை

இமை, தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்னால், முழங்கை மடிப்பு. வெயில் படாத இடத்திலும் வருகிறது என்றால் காற்றில் பறந்து வந்து படியும் பொருள்தான் காரணம். நம் வரப்புகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பார்த்தீனியம் என்ற களைச்செடி. அதன் இலையிலும் தண்டிலும் உள்ள மயிரிழைகளில் பார்த்தீனின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. செடி காய்ந்து தூளான பிறகும் அது சும்மா இருப்பதில்லை. சாமந்தியும் அதே குடும்பம். பார்த்தீனியத்தால் ஒவ்வாமை வந்த தோல் சாமந்தி, செண்டுமல்லி, சூரியகாந்தி மூன்றிலும் வெடிக்கலாம். அதனால் வரப்பை மட்டும் சுத்தம் செய்துவிட்டுப் பூப் பறித்துக்கொண்டிருந்தால் தீராது. தோல் மருத்துவரிடம் ஒட்டுப் பரிசோதனை கேளுங்கள். முதுகில் மருந்துப் பட்டைகளை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். காரணம் சாமந்திதான் என்றால் தக்காளிக்கோ பீன்ஸுக்கோ வேலையை மாற்றிக்கொள்வதே வழி. கூலிக்காரருக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். தோட்டக்காரரிடம் பூக் கட்டுவது, எடை போடுவது என்று வேறு வேலை கேட்பதைவிட, பூ இல்லாத வயலுக்கே மாறுவது நல்லது.

அதுவரை முழுக்கைச் சட்டை, கழுத்தில் துண்டு, கையுறை. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு முகம், கழுத்து கழுவி, உடுப்பை மாற்றிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். துவைத்த துணியை வரப்புச் செடி மேல் காயப்போடாதீர்கள். அந்த கிரீமில் கடுமையான ஸ்டீராய்டு கலந்திருக்கும். முகத்தில் நாள்கணக்கில் போட்டால் தோல் மெலியும், பரு வரும், நிறுத்தியதும் சிவந்து எரியும். ஸ்டீராய்டு தேவைதான், ஆனால் இமைக்கு எது, கைக்கு எது, எத்தனை நாள் என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும்.

ஊராரும் இதில் கை கொடுக்கலாம். முதல் மழைக்குப் பிறகு, பூ விடுவதற்கு முன்பு, பார்த்தீனியத்தை ஈர மண்ணில் வேரோடு பிடுங்க வேண்டும். பூத்த பிறகு பிடுங்கினால் விதையை நாமே தூவிய மாதிரி. பயிர் இல்லாத இடத்தில் 1 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பைக் கரைத்து, 2 மில்லி சோப்புக் கரைசல் சேர்த்து இலை நனைய அடிக்கலாம். உப்பு மண்ணைக் கெடுக்கும் என்பதால் வயலுக்குள் கூடாது. நூறு நாள் வேலையில் பிடுங்கச் சொன்னால் கையுறை கேளுங்கள். ஏற்கெனவே அரிப்பு உள்ளவரை அந்த வேலைக்கு அனுப்பக் கூடாது என்று கிராம சபையிலேயே பேசி வையுங்கள்.

மாங்காய் அறுக்கும்போது பால் பட்டு முகம் வெந்துவிடுகிறது. மாம்பழம் சாப்பிடலாமா?
– வாசகர், காவேரிப்பட்டினம்

காம்பை ஒட்டி ஒடித்த கணத்தில் பீறிடும் முதல் பால்தான் கடுமையானது. இரண்டு மூன்று அங்குலக் காம்போடு அறுத்து, பிறகு நிழலில் காம்பை வெட்டிக் கவிழ்த்து வைத்துப் பாலை வடியவிடுங்கள். மரத்தடியில் நின்று மேலே பார்த்தபடி தொரட்டி போடுகிறவர் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். பட்டவுடன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

உடனே எரிந்தால் அது புண். ஒன்றிரண்டு நாள் கழித்து நமைச்சலும் நீர்க்கொப்புளமும் வந்தால் அது ஒவ்வாமை. மாவும் சேராங்கொட்டையும் முந்திரியும் ஒரே குடும்பம். சேராங்கொட்டை பட்டுப் புண்ணானவர்கள் மாங்காய்ப் பாலிலும் முந்திரி ஓட்டு எண்ணெயிலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஒவ்வாமை தரும் வேதிப்பொருள் மாங்காயின் பாலிலும் தோலிலும்தான் அதிகம். வேறொருவர் தோலைத் தடிமனாகச் சீவி, கை கழுவிவிட்டுத் துண்டு போட்டுக் கொடுத்தால் பெரும்பாலோருக்குப் பழம் ஒத்துக்கொள்ளும். கடித்துச் சப்பிச் சாப்பிட்டால் உதட்டைச் சுற்றி வெடிக்கும்.

அம்மாவுக்கு அடிக்கடி உதடு மட்டும் வீங்குகிறது. அரிப்பும் இல்லை, தடிப்பும் இல்லை. அலர்ஜி மாத்திரை கேட்கவில்லை.
– வாசகர், அரூர்

ரத்தக் கொதிப்புக்கு எனலாப்ரில் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். அரிப்பில்லாத வீக்கம் அந்த வகை மாத்திரையின் பக்கவிளைவாக இருக்கலாம். பல வருடம் ஒத்துக்கொண்ட பிறகும் வரும். வறட்டு இருமலும் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். அலர்ஜி மாத்திரை இதற்கு வேலை செய்யாது. அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து மாற்றுங்கள். நாக்கு வீங்கினால் 108.

மூன்று மாதமாக தினமும் காணாக்கடி, திடீரென்று தடித்து அரிக்கிறது. கத்திரிக்காய், கருவாடு, தக்காளி, முட்டை எல்லாம் நிறுத்திவிட்டேன். சில ஆயிரம் கட்டி ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள்.
– வாசகி, ஊத்தங்கரை

பணத்தை வைத்துக்கொள்ளுங்கள், முட்டையையும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரத்துக்கு மேல் ஏறக்குறைய தினமும் வரும் காணாக்கடிக்குச் சாப்பாடு காரணமாக இருப்பது அபூர்வம். உணவால் வருவது தின்ற சில நிமிடம் முதல் இரண்டு மணி நேரத்துக்குள், ஒவ்வொரு முறையும் வரும். ரத்தப் பரிசோதனையில் 'பாசிட்டிவ்' என்று பத்துப் பொருள் வந்தாலும், சாப்பிட்டு ஒன்றும் ஆகாத பொருளை அந்தத் தாளுக்காக நிறுத்தக் கூடாது. தூக்கம் அதிகம் தராத அலர்ஜி மாத்திரையை மருத்துவர் சொல்லும் அளவில் தினமும், தடிப்பு இல்லாத நாளிலும் சாப்பிடுவதே வைத்தியம். வந்தபோது மட்டும் போட்டால் அடங்காது. வாராவாரம் 'அலர்ஜி ஊசி' என்று போடுவதில் ஸ்டீராய்டு இருக்கும். சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். வேண்டாம்.

ஏதோ ஊசி போட்டு அப்பா மயங்கிவிட்டார். எந்த ஊசி என்று தெரியவில்லை. இனி எப்படிக் காப்பாற்றுவது?
– வாசகர், பென்னாகரம்

போட்ட இடத்துக்கே போய் மருந்தின் பெயரை எழுதி வாங்குங்கள். அது உங்கள் உரிமை. கடையில் விற்கும் கம்பெனிப் பெயர் போதாது, உள்ளிருக்கும் மருந்தின் பெயர் வேண்டும். ஒரே மருந்து பத்துப் பெயரில் விற்கிறது. ஓர் அட்டையில் இப்படி எழுதுங்கள்: மருந்து, தேதி, போட்ட எத்தனை நிமிடத்தில் என்ன ஆனது, என்ன சிகிச்சைக்குப் பிறகு தெளிந்தார். டைக்ளோஃபினாக் போன்ற வலி மருந்தாக இருந்தால் அதே வகை மாத்திரைகளும் ஆபத்து என்பதால், எவையெல்லாம் கூடாது, எது பரவாயில்லை என்று மருத்துவரிடமே அட்டையின் பின்பக்கம் எழுதி வாங்குங்கள். அதைப் படம் எடுத்து வீட்டில் எல்லோர் போனிலும் வையுங்கள். அசல், ஆதார் அட்டையோடு அப்பாவின் சட்டைப் பையில் இருக்கட்டும்.