“போகோ, போகோ” என்று அழுகிறாள்

டொரோண்டோவில் இருக்கிறோம். இந்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காரா மூலம் ஒடிசாவில் ஒரு இல்லத்திலிருந்து நான்கு வயது மகளைத் தத்தெடுத்து அழைத்துவந்து மூன்று மாதமாகிறது. தலையணைக்கு அடியில் சப்பாத்தியும் பிஸ்கட்டும் பதுக்குகிறாள். கோயிலில் யார் கை நீட்டினாலும் மடியில் ஏறிக்கொள்கிறாள். நான் தூக்கினால் கட்டை மாதிரி விறைக்கிறாள். ராத்திரியில் எழுந்து “போகோ, போகோ” என்று அழுகிறாள். எங்களை விட்டுப் போகணும் என்கிறாளா? பெரிய விழா வைத்துச் சொந்தக்காரர்களோடு பழகவிட்டால் சரியாகும் என்கிறார் மாமியார். அடுத்த வாரம் சமூகப் பணியாளர் அறிக்கை எழுத வருகிறார். இதையெல்லாம் சொன்னால் பிள்ளையைத் திருப்பி வாங்கிக்கொள்வார்களோ?

– ஒரு அம்மா

அன்புள்ள சகோதரிக்கு,

ஒடியாவில் ‘போகோ’ என்றால் பசி. உங்கள் மகள் சோறு கேட்கிறாள். தண்ணீர் ‘பாணி’. இப்படி இருபது சொற்களை ஒடியா தெரிந்த ஒருவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்த வயதில் பழைய மொழி சில மாதங்களிலேயே கரைந்துவிடும். அதுவரை அவளுக்கு வேறு வாய் கிடையாது. வீட்டில் தமிழே பேசுங்கள், ஆங்கிலம் பள்ளியில் வந்துவிடும்.

பதுக்குவதற்காகத் திட்டாதீர்கள், தேடிப்பிடித்துக் குப்பையிலும் போடாதீர்கள். அவள் கைக்கெட்டும் இடத்தில் ஒரு டப்பா வையுங்கள். பொரி, வாழைப்பழம், பிஸ்கட் எதுவானாலும் சரி, டப்பா ஒருபோதும் காலியாகக் கூடாது. படுக்கையருகிலும் ஒன்று இருக்கட்டும். சாப்பாடு இரண்டரை மணிக்கு ஒருமுறை. தலையணையடியில் கெட்டுப்போனதை அவள் கண்முன்னேயே எடுத்து, புதியதை அங்கேயே வையுங்கள். ‘அடம்பிடித்தால் சாப்பாடு கிடையாது’ என்ற பேச்சே வேண்டாம். ஒடிசாவின் ‘பகாளா’ நம் பழைய சோறுதான். ஒருநாள் கொடுத்துப் பாருங்கள். மருத்துவரிடம் மலப் பரிசோதனை, ரத்தசோகை, ஈயம், காசநோய்ச் சோதனைகளைக் கேளுங்கள். குடலில் ஒட்டுண்ணி இருந்தால் எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது.

யார் மடியிலும் ஏறுவதைக் கலகலப்பு என்று எண்ணிவிடாதீர்கள். ஆயாக்கள் முறை மாற்றி வரும் இல்லத்தில், வந்தவரைப் பிடித்துக்கொள்கிற பிள்ளைக்குத்தான் கவனிப்பு கிடைக்கும். அதனால் இன்னும் ஆறு மாதத்துக்கு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, அழுதால் தேற்றுவது எல்லாம் நீங்கள் இருவர் மட்டும். மற்றவர்கள் கையசைக்கலாம், தூக்கவோ மிட்டாய் தரவோ வேண்டாம். மாமியாருக்கும் இதே விதிதான். வருத்தப்படுவார், படட்டும். விழாவைத் தள்ளிப்போடுங்கள்.

விறைக்கிற பிள்ளையை எதிரே நின்று அணைக்காதீர்கள். தினமும் குளித்தபின் அவள் பின்னால் உட்கார்ந்து, எண்ணெய் தொட்டுப் பத்து நிமிடம் தலை வாருங்கள். முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால் தொடுகை அவளுக்குச் சுலபமாகிறது. ஷவரைக் கண்டு மிரண்டால் வாளியும் சொம்பும் போதும்.

அறிக்கைக்குப் பயம் வேண்டாம். முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒன்று என ஆறு அறிக்கைகள் போகும். இந்தியாவின் 2022 தத்தெடுப்பு விதிகளின்படி மாவட்ட ஆட்சியர் உத்தரவு வந்தபோதே அவள் சட்டப்படி உங்கள் மகள். உள்ளதைச் சொன்னால்தான் உதவி கிடைக்கும். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதவைத்தால் பின்னால் உதவி கேட்கும்போது வாய் அடைத்துப்போகும்.

ஆறு மாதம் கழித்தும், விழுந்து அடிபட்டால்கூட உங்களிடம் ஓடிவரவில்லை என்றால், தத்துப்பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய குழந்தை உளவியலாளரிடம் போங்கள்.