வெள்ளைப் புகை மட்டும் வருகிறது

கேள்வி: செம்பனை நாற்றுக்குத் தண்ணீர் இறைக்கும் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜினுக்குப் புது பிஸ்டன் ரிங், ஹெட் கேஸ்கெட் போட்டோம். சுற்றினால் வெள்ளைப் புகைதான், பிடிக்க மாட்டேன் என்கிறது.
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: புகை வெள்ளை என்றால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை மாற்றிக் காசைக் கரைக்காதீர்கள். முதலில் வால்வு இடைவெளி: பிஸ்டன் காற்றை அமுக்கி மேலேறிய கம்ப்ரெஷன் உச்சியில் நிற்க, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். இந்த ரகத்தில் பெரும்பாலும் 0.15 முதல் 0.25 மி.மீ.; உங்கள் மாடலின் கையேடே முடிவு. இடைவெளி இல்லாவிட்டால் வால்வு மூடாது, அழுத்தம் கசியும்.

அது சரியென்றால் காற்று நுழையும் வாயில் அரை தேக்கரண்டி இன்ஜின் எண்ணெய் விட்டுக் கையால் சுற்றுங்கள். சட்டென இறுகினால் குறை ரிங்கில். மூன்று ரிங்குகளின் வெட்டு இடைவெளியும் ஒரே நேராக நிற்கிறதோ என்னவோ.

இறுக்கம் முதலிலேயே நன்றாக இருந்தால் டைமிங்கை, அதாவது டீசல் பாயும் நேரத்தைச் சந்தேகியுங்கள். டீசல் பம்பின் அடியிலுள்ள ஷிம் (மெல்லிய தகடு) கூடிப்போனால் டீசல் தாமதமாகப் பாயும். பழையதை எறியாமல் வைத்திருந்தால், அதே எண்ணிக்கையில் போடுங்கள்.