மகள் சட்ட ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள், விடலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

சட்டப் படிப்பில் நான்காம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், பெரிய சட்ட நிறுவனத்தில் வேலை வேண்டாம், கம்பெனிச் சட்டத்திலும் பங்குச் சந்தைச் சட்டத்திலும் ஆராய்ச்சி செய்து பேராசிரியர் ஆகப்போகிறேன் என்கிறாள். கல்விக் கடன் இருக்கும்போது இது எப்படிச் சரிப்படும் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான். ஆனாலும் அவள் ஆசைப்படுவது நல்ல வேலைக்கு.

அது என்ன வேலை என்பதை ஒரு வழக்கை வைத்துச் சொல்கிறேன். சஹாரா குழுமத்தின் இரண்டு கம்பெனிகள் கடன் பத்திரம் கொடுத்துக் கோடிக்கணக்கான எளிய மக்களிடம் பணம் திரட்டின. எங்களோடு தொடர்புள்ளவர்களிடம்தான் வாங்கினோம், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி தலையிட முடியாது என்று வாதாடின. ஆனால் 1956-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு, 50 பேருக்கோ அதற்கு மேலோ கொடுக்க முன்வந்தால் அது பொது வெளியீடு, அதாவது பொதுமக்களிடம் பணம் திரட்டுவது என்றது; அப்படியானால் செபி தலையிடலாம். 2012 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு, பணத்தை 15 சதவீத வட்டியோடு திருப்பித் தர உத்தரவிட்டது. இப்போதைய 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த வரம்பு ஆண்டுக்கு 200 பேர். ஏன் 50, ஏன் 200? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1953-லேயே தலையை எண்ணாமல், வாங்குகிறவர் தன்னைத் தானே காத்துக்கொள்ளக்கூடியவரா என்று பார்த்தது. எது சாமானியருக்குப் பாதுகாப்பு? இப்படிப்பட்ட கேள்விகளைத் துருவுவதுதான் இந்த ஆராய்ச்சி. இதில் ஆர்வமுள்ள பிள்ளைகள் குறைவு, அதனால்தான் உங்கள் மகளைத் தடுக்காதீர்கள் என்கிறேன்.

சம்பள விஷயத்துக்கு வருகிறேன். எல்.எல்.எம். என்ற சட்ட முதுகலைப் படிப்பை முடித்து, பேராசிரியர் வேலைக்கான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி கிடைத்தால், பிஎச்.டி. செய்யும்போது மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) விகிதப்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700, படிகள் தனி. பல தனியார் கல்லூரிகளில் இதை எதிர்பார்க்க முடியாது. நிரந்தரப் பணியிடத்துக்குக் காத்திருக்கவும் நேரும்.

ஆகவே ஒரு யோசனை. அவள் முதலில் இரண்டு, மூன்று ஆண்டு ஒரு சட்ட நிறுவனத்தில், பங்கு வெளியீடுகளைக் கவனிக்கும் பிரிவில் வேலை பார்க்கட்டும். கடன் குறையும் என்பது மட்டுமல்ல. ஐபிஓவுக்கு, அதாவது முதன்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்க வரும் கம்பெனி தன் மேலுள்ள வழக்குகளையும் ஆபத்துகளையும் எந்த வார்த்தையில் சொல்வது என்று வக்கீல்களும் வங்கியாளர்களும் ராத்திரி முழுக்க மல்லுக்கட்டுவதை அவள் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். அதைப் பார்த்தவர் எழுதும் கட்டுரைக்கு இருக்கும் கனமே வேறு. அதற்குப் பிறகு எல்.எல்.எம். படிக்கட்டும்.

வேலைக்குப் போனால் படிப்பு விட்டுப்போகும் என்று மகள் பயப்படலாம். செபியின் உத்தரவுகள் அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. புதிய விதி கொண்டுவரும் முன் செபி வெளியிடும் வரைவுக்கு யார் வேண்டுமானாலும் கருத்து அனுப்பலாம். இந்த விடுமுறையிலேயே ஒரு வரைவை எடுத்து, நான்கைந்து பக்கத்தில் தன் கருத்தை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அந்த வேலையில் அவள் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்தால், எல்.எல்.எம். எங்கே படிப்பது என்பதை நீங்கள், மகள், நான் என மூவரும் உட்கார்ந்து பேசலாம்.