கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்

முத்திரைப் பெட்டி: வாசகர் கேள்வி பதில்

(பதில் தருபவர் மட்டக்களப்பில் ஓய்வுபெற்ற தபால் ஊழியர்; பள்ளிக்கூட நாள் முதல் முத்திரை சேர்ப்பவர்.)

கேள்வி: அம்மப்பாவின் பிஸ்கற் தகரத்துக்குள் 1940களில் அவருக்கு வந்த நாற்பது கடிதங்கள் உறையோடு கிடைத்தன. முத்திரைகளை வெட்டிக் கழுவி வைத்திருக்கலாம் என்று நினைக்கிறேன். என்ன விலை பெறும்?
– வாசகி, கல்லடி

பதில்: மகள், முதலில் கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். விலையைப் பிறகு பேசுவோம்.

அந்தக் காலத்து ஆறாம் ஜோர்ஜ் மன்னர் முத்திரைகளில் சாதாரணமானவை வெட்டிக் கழுவியபின் சில்லறைக்காசுதான் பெறும். ஆனால் உறை முழுதாக இருந்தால் கதை வேறு. எந்தத் தபாற்கந்தோரில், எந்தத் திகதியில் சீல் குத்தினார்கள், பின்பக்கம் வந்துசேர்ந்த சீல் இருக்கிறதா என்பதையெல்லாம் உறைதான் சொல்லும். யுத்தகாலக் கடிதமென்றால் தணிக்கையாளர் பிரித்துப் பார்த்துவிட்டு ஒட்டிய தாள் ஓரத்தில் இருக்கக்கூடும். அழுக்கென்று அதை உரித்துவிடாதீர்கள். அதைத் தேடி வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். சின்ன ஊர்க் கந்தோர்களின் தெளிவான சீலுக்கு முத்திரையைவிட மதிப்பு அதிகம்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். பன்னிரண்டு வயதில் அப்பப்பாவின் கடிதங்களில் இருந்த முத்திரைகளை ஒன்றுவிடாமல் வெட்டினேன். ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. சீலின் வட்டத்தில் கால்வாசிதான் மிச்சம். ஆங்கிலத்தில் எழுதிய மட்டக்களப்பின் முதல் மூன்று எழுத்துகள் தெரிகின்றன. திகதி உறையோடு அடுப்புக்குள் போய்விட்டது. அப்பப்பா ஏசவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

ஒவ்வோர் உறையையும் அமிலமில்லாத தாளுக்குள் தனித்தனியாக வையுங்கள். கடிதத்தை அதன் உறையிலிருந்து பிரித்து வேறெங்கும் வைக்கவேண்டாம். விற்பதென்றால் மொத்தமாக ஒரு விலைக்குத் தள்ளாமல் ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். விலைப்பட்டியல் நூலில் உள்ள தொகை, பழுதில்லாத பிரதியைக் கடைக்காரர் விற்கும் விலை. உங்களிடம் வாங்கும்போது அதில் ஒரு பங்குதான் தருவார். அதற்காக அவரைத் திட்டிப் பயனில்லை, அவரும் பிழைக்கவேண்டுமே.

கேள்வி: 1938ஆம் ஆண்டின் இரண்டு சத முத்திரை, இறப்பர் மரத்தில் பால் வெட்டும் படம். என்னிடம் பாவிக்காதவை இரண்டு உள்ளன. படமும் நிறமும் ஒன்றுதான். விலைப்பட்டியலில் மட்டும் ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கிறதே?
– வாசகர், கல்முனை

பதில்: படத்தைப் பார்க்காதீர்கள் ஐயா, பல்லைப் பாருங்கள். முத்திரையின் ஓரத்துத் துளைகள் இரண்டு சென்ரிமீற்றருக்குள் எத்தனை என்று எண்ணுவதே பல் அளவு. அதற்கென்று அளவு அட்டை விற்கிறார்கள். முத்திரையை அதன்மேல் வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் துளைகளும் அட்டையின் புள்ளிகளும் கச்சிதமாகப் பொருந்தும். அங்கே போட்டிருக்கும் எண்தான் விடை. மேல் ஓரத்தையும் பக்க ஓரத்தையும் தனித்தனியாக அளக்கவேண்டும்.

நீங்கள் சொல்லும் கறுப்பும் சிவப்புமான முத்திரை பல பல் அளவுகளில் வந்தது. மேலே பதின்மூன்றரை, பக்கத்தில் பதின்மூன்று என்று அமைந்ததுதான் பாவிக்காத நிலையில் விலை போகிறது. அதே முத்திரை சீல் குத்தியதென்றால் மலிவு! சீல் குத்தினால் எல்லாமே பெறுமதி குறையும் என்று நினைத்துவிடாதீர்கள், நேர்மாறாகவும் நடக்கும். இரண்டு முத்திரைகளையும் விரலால் தொடாமல் இடுக்கியால் எடுங்கள். நம் ஊர் வியர்வைக்குப் பின்பக்கப் பசை தாங்காது.

கேள்வி: 1859ஆம் ஆண்டின் நாலு பென்ஸ் ‘மங்கல் ரோஜா’ நிற இலங்கை முத்திரை ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பல் இல்லாதது. வாங்கலாமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: சான்றிதழ் இல்லாமல் ஐந்து சதமும் கொடுக்கவேண்டாம். இலங்கையின் முதல் முத்திரை ஆறு பென்ஸ், 1857 ஏப்ரல் 1இல் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த இந்த எட்டுமூலை நாலு பென்ஸ்தான் இலங்கை முத்திரைகளில் பேர்போனது. இதே நாலு பென்ஸ் பின்னர் பல்லோடும் வந்தது. பல்லைக் கத்தரித்துவிட்டு ‘பல் இல்லாதது’ என்று விற்கும் கைங்கரியம் மிகப் பழையது. நாலு பக்கமும் தாராளமாக ஓரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஓரம் ஒட்ட வெட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள். லண்டன் ரோயல் பிலேற்றலிக் (முத்திரை சேகரிப்போர்) சங்கத்தின் நிபுணர் குழு, முத்திரையைச் சோதித்துச் சான்றிதழ் தரும் வேலையை 1894 முதல் செய்துவருகிறது. விற்பவர் அங்கே அனுப்பத் தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கேள்வி: வாப்பா வைத்திருந்த அஜ்மான், உம்முல் குவைன் என்ற வளைகுடா அமீரகங்களின் முத்திரைகள், குதிரையும் ரொக்கெற்றுமாக மினுமினுவென்று இருக்கின்றன. பெறுமதியா?
– வாசகர், காத்தான்குடி

பதில்: இல்லை. திருப்பிப் பாருங்கள்: முன்பக்கம் மூலையில் அளவெடுத்தாற்போல் சீல், பின்பக்கம் பசை அப்படியே. கடிதத்தில் ஒட்டாமலே சேகரிப்போருக்கென்று சீல் குத்தி விற்றவை. ‘மணல்மேடுகள்’ என்று கேலியாகச் சொல்வார்கள். ஆனால் பிள்ளைகளுக்கு முத்திரைப் பித்துப் பிடிக்கவைக்க அவற்றைப்போல் வேறில்லை.

கேள்வி: மாரிக்குப் பிறகு அல்பத்தைத் திறந்தால் முத்திரைகள் தாளோடு ஒட்டிக்கொண்டுள்ளன, மண்ணிறப் புள்ளிகளும் விழுந்திருக்கின்றன.
– வாசகி, வாழைச்சேனை

பதில்: 1978 நவம்பர் சூறாவளிக்கு மறுநாள் என் அல்பம் ஊறிய பாண்போல் கிடந்தது. பதற்றத்தில் உரித்தேன், பத்து முத்திரைகளின் முகம் தாளோடு போயிற்று. மிச்சத்தைக் காப்பாற்றியது பழைய ஐஸ்கிறீம் டப்பா. அடியில் ஈரப் பஞ்சு, அதன்மேல் தண்ணீர் தொடாதபடி ஒரு வலைத்தட்டு, தட்டின்மேல் முத்திரை ஒட்டிய துண்டு. மூடியை இறுக்கிவிட்டுச் சில மணிநேரத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். பசை இளகியதும் முத்திரை தானாகச் சுருண்டு எழும்பும். எழும்பாவிட்டால் மறுபடியும் மூடுங்கள், நகத்தால் நெம்பாதீர்கள்.

மண்ணிறப் புள்ளி பூஞ்சணத்தின் வேலை. அது அடுத்த முத்திரைக்கும் பரவும். உடனே பிரித்து வையுங்கள். வெளுக்கும் மருந்து எதுவும் போடவேண்டாம். அல்பங்களைப் புத்தகம்போல் நிமிர்த்தி, நெருக்காமல், சுவரில் முட்டாமல் அடுக்குங்கள். பீவீசீ பிளாஸ்ரிக் உறை கூடவே கூடாது. வாடைக் காலத்தில் அல்பத்தைத் திறக்கிறதே இல்லை நான். கச்சான் வீசத் தொடங்கியதும் நிழலில் விரித்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருப்பேன். காற்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாவிக்குள் போட்டுவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?