குறுகிய சாலையில் சைக்கிளை ஓரமாக ஓட்டுவதா, நடுவிலா?

முந்திச் செல்ல இடமில்லாத குறுகிய சாலையில், உங்கள் தடத்தின், அதாவது நீங்கள் செல்லும் திசைக்கான லேனின், நடுவில் ஓட்டுங்கள். இதைத்தான் ‘தடத்தை எடுத்துக்கொள்வது’ என்கிறார்கள்.

காரணம் எளிய கணக்கு. காரின் அகலம் ஏறக்குறைய 1.8 மீட்டர், சைக்கிள் கைப்பிடி 0.6 மீட்டர், இடையில் 1.5 மீட்டர் இடைவெளி. கூட்டினால் 3.9 மீட்டர். தடமோ பல இடங்களில் 3 மீட்டர்தான். நீங்கள் ஓரத்தை ஒட்டிப் போனால், இல்லாத இடம் இருப்பதாக ஓட்டுநருக்குத் தோன்றும், உரசிக்கொண்டு நுழைவார். ஒடுக்கமான நடைவழியில் சுவரை ஒட்டி நடப்பவரை இடித்துக்கொண்டு முந்துவார்கள், நடுவில் நடப்பவருக்குப் பின்னால் காத்திருப்பார்கள் அல்லவா, அதுபோல.

ஓரத்தில் குழியும் மணலும் உண்டு. அவற்றைவிட எனக்கு அச்சம் தருவது, நிறுத்தியிருக்கும் காரில் திடீரெனத் திறக்கும் கதவு. அதிலிருந்து ஒரு மீட்டருக்கும் கூடுதலாகவே விலகிச் செல்லுங்கள். நடுவுக்கு நகருமுன் திரும்பிப் பார்த்து, கை காட்டுங்கள். சாலை அகன்றதும் வழிவிடுங்கள். அதிவேக நெடுஞ்சாலைக்கு இந்த முறை பொருந்தாது.

நடுவில் ஓட்டினால் பின்னாலிருந்து மோதிவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஓட்டுநரின் கண் பெரும்பாலும் நேர் எதிரேதான் இருக்கிறது, ஓரத்தில் ஒதுங்கியவரைவிட அங்கே இருப்பவரே அவருக்கு முன்னதாகத் தெரிகிறார்.