வாசகர் கேள்வி – பதில்: பழைய எம்எக்ஸ்-5 காரில் நாமே செய்யக்கூடிய பழுதுகள்

இம்முறை வந்த கேள்விகள் அனைத்தும் மாஸ்டா நிறுவனத்தின் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 காரைப் பற்றியவை. 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி 1997 வரை தயாரான இந்த இரண்டு இருக்கைக் கார், ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் வட அமெரிக்காவில் மியாட்டா என்றும் விற்கப்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் கிலோ எடை, முன்னால் 1.6 அல்லது 1.8 லிட்டர் இன்ஜின், பின்சக்கர இயக்கம், மடக்கக்கூடிய துணிக்கூரை என்று அமைப்பு எளிமையாக இருப்பதால், ஓரளவு கருவிகளும் பொறுமையும் உள்ளவர்கள் தாமே பழுது பார்க்க ஏற்ற கார் இது.

கேள்வி: 1992-ஆம் ஆண்டு எம்எக்ஸ்-5 ஒன்றை அண்மையில் வாங்கினேன். மழை பெய்த மறுநாள் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள கம்பளம் ஈரமாக இருக்கிறது. துணிக்கூரையில் கிழிசல் எதுவும் தெரியவில்லை. கூரையையே மாற்ற வேண்டும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். அது தேவைதானா? – ஹாரோ, லண்டன் வாசகர்

பதில்: கூரைக்குச் செலவு செய்யுமுன் வடிகால் துளைகளைப் பாருங்கள். கூரையின் பின்விளிம்பில் விழும் மழைநீர் அதன் அடியில் உள்ள ஒரு பள்ளத்தில் சேர்ந்து, இருபுறமும் ஓடி, சீட் பெல்ட் பொருத்தப்பட்டுள்ள தூணின் பின்னால் இருக்கும் துளை வழியாகக் குழாயில் இறங்கி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் காரின் அடிப்பக்கம் வழியே வெளியேற வேண்டும். மரத்தடியில் நிறுத்தப்படும் கார்களில் இலைச் சருகும் தூசியும் சேர்ந்து இந்தக் குழாயை அடைத்துக்கொள்கின்றன. அடைபட்டால் நீர் பள்ளத்தை மீறி உள்ளே வழிகிறது. கம்பளம் நனைவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

கூரையைப் பாதி மடக்கி, டார்ச் அடித்துப் பார்த்தால் துளை தெரியும். (பின்கண்ணாடி பிளாஸ்டிக்கால் ஆனதாக இருந்தால், முழுவதும் மடக்குவதற்கு முன் அதன் ஜிப்பைத் திறந்து கண்ணாடியைத் தட்டையாகக் கிடத்துங்கள், குளிரில் விறைத்திருக்கும்போது மடக்கினால் விரிசல் விடும்.) கையில் அகப்படும் சருகை முதலில் எடுத்துவிட்டு, புல்வெட்டும் இயந்திரத்தில் சுற்றியிருக்கும் தடித்த நைலான் இழையைத் துளைக்குள் மெல்லச் செலுத்தி, முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம். அது குழாயைத் துளைத்துவிடும் அல்லது இணைப்பிலிருந்து கழற்றிவிடும், பிறகு நீர் நேராக உடற்பகுதிக்குள் இறங்கும். இழை வெளிவந்த பின் ஒரு குவளைத் தண்ணீரை நிதானமாக ஊற்றுங்கள். ஊற்றிய வேகத்திலேயே காரின் அடியில் நீர் வடிந்தால் வேலை முடிந்தது. இரண்டு பக்கத்தையும் இப்படிச் சோதிக்க வேண்டும். இலையுதிர் காலத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் இதைச் செய்வது நல்லது.

கம்பளம் நனைவது சிறிய சங்கடம்தான். வடிய வழியில்லாத நீர் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற சில் பகுதிக்குள் தங்கி, உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கிறது என்பதுதான் இதில் கவலைக்குரியது. பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள சில் பகுதியில் வண்ணம் கொப்புளித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வெளியில் சிறு கொப்புளம் தெரிந்தால் உள்ளே சேதம் அதைவிட அதிகம் என்றே கொள்ளலாம். சீட் பெல்ட், சஸ்பென்ஷன் போன்றவை பொருத்தப்பட்டுள்ள இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகடு துருவால் வலுவிழந்திருந்தால், கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் பிரித்தானிய எம்ஓடி சோதனையில் அது தேறாது. அந்த இடத்தைப் புட்டியோ ஃபைபரோ பூசி மறைப்பது பழுது பார்த்ததாகாது; துருவை வெட்டி எடுத்துப் புதிய தகட்டை வெல்டிங் செய்யத் தெரிந்தவரிடம்தான் அந்த வேலையை ஒப்படைக்க வேண்டும். பழைய எம்எக்ஸ்-5 வாங்க நினைப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்: இன்ஜினைக் கேட்பதற்கு முன் சில்லைப் பாருங்கள்.

கேள்வி: என் 1995 மியாட்டாவில் முன் பிரேக் பேடுகளை நானே மாற்றினேன், சிக்கலில்லை. பின்பக்கத்தில் சி-கிளாம்ப் வைத்து எவ்வளவு அழுத்தினாலும் பிஸ்டன் உள்ளே போக மறுக்கிறது. காலிப்பர் இறுகிவிட்டதா? – ஸ்கார்பரோ, டொரொன்டோ வாசகர்

பதில்: மேற்கொண்டு அழுத்த வேண்டாம். காலிப்பர் (பேடுகளை டிஸ்க்கோடு அழுத்தும் உறுப்பு) கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. இந்தக் காரின் பின் காலிப்பருக்குள்தான் ஹேண்ட்பிரேக்கின் பொறியமைப்பும் இருக்கிறது. ஆகவே முன்பக்கத்தைப் போல வெறும் அழுத்தத்துக்கு அது இசையாது. வலுக்கட்டாயமாக அழுத்தினால், நல்ல நிலையில் இருந்த அமைப்பும் கெட்டுவிடும்.

காலிப்பரின் பின்புறத்தில், அதாவது காரின் உட்பக்கம் நோக்கிய முகத்தில், 14 மில்லிமீட்டர் தலை கொண்ட ஒரு போல்ட் மூடி போல இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே 4 மில்லிமீட்டர் ஆலன் சாவி நுழையும் ஒரு திருகு இருக்கிறது. சாவியை இடஞ்சுழியாகத் திருப்பத் திருப்பப் பிஸ்டன் தானே பின்வாங்கும். ஹேண்ட்பிரேக் விடுவிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். புதிய பேடுகளைப் பொருத்திக் காலிப்பரைப் பூட்டிய பிறகு, அதே திருகை வலஞ்சுழியாகத் திருப்புங்கள்; பேடுகள் டிஸ்க்கைக் கவ்வி, டிஸ்க் கையால் சுழலாத நிலை வந்ததும் நிறுத்தி, அங்கிருந்து மூன்றில் ஒரு சுற்று பின்னோக்கித் திருப்பினால் சரியான இடைவெளி கிடைக்கும். மூடி போல்ட்டை மறுபடி பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் உப்பு நீர் உள்ளே போகும். ஹேண்ட்பிரேக் பலவீனமாக இருக்கிறது என்று பலர் நேராகக் கேபிளை இறுக்கப் போகிறார்கள். இந்தத் திருகைச் சரிசெய்த பிறகும் குறை இருந்தால் மட்டுமே கேபிளைத் தொட வேண்டும்.

உங்கள் ஊரில் குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவதால், காலிப்பர் நகரும் ஸ்லைடு பின்களையும் கவனியுங்கள். கழற்றிய பழைய பேடுகளில் ஒன்று மற்றொன்றைவிட நன்றாகத் தேய்ந்திருந்தால் ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது என்று பொருள். துருவைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே விற்கப்படும் கிரீஸைப் பூசுங்கள். சாதாரண பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும்.

இனிப் பாதுகாப்பு. ஹேண்ட்பிரேக்கை விடுவித்துவிட்டுப் பின்பக்கத்தைத் தூக்கும்போது காரைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. முன்சக்கரங்களின் இருபக்கமும் கட்டை வைத்தாக வேண்டும். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டு, பின்சக்கரங்களுக்கு நடுவே உள்ள டிஃபரன்ஷியலின் அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, சில் விளிம்பில் உள்ள வலுவூட்டப்பட்ட இடங்களில் ஸ்டாண்டுகளை நிறுத்துங்கள். கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைத்து நீளமாக ஓடும் அலுமினியச் சட்டத்தில் ஒருபோதும் ஜாக்கி வைக்கக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் கை நீட்டவும் கூடாது. திரும்பப் பூட்டும்போது சக்கர நட்டுகளுக்கு 90 முதல் 118 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். வேலை முடிந்ததும், காரை ஓர் அங்குலம்கூட நகர்த்துவதற்கு முன், பிரேக் பெடலைப் பலமுறை மிதித்து அது கெட்டிப்படுகிறதா என்று பாருங்கள். முதல் மிதிப்பில் பெடல் தரைவரை போகும், அதைச் சாலையில் போய்க் கண்டுபிடிக்கக் கூடாது.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் மேற்பகுதியில் டிக் டிக் என்ற ஓசை வருகிறது. இன்ஜினின் ஆயுள் முடிந்துவிட்டதா? டைமிங் பெல்ட்டையும் நானே மாற்றலாமா? – மெல்பர்ன் வாசகர்

பதில்: வால்வு இடைவெளியை எண்ணெய் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் அமைப்பு இந்த இன்ஜினில் உள்ளது. எண்ணெய் பழையதாகி அழுக்குச் சேர்ந்தால், இன்ஜின் சூடாகும் வரை அது ஓசை எழுப்பும். உரிய தரத்தில் புதிய எண்ணெயும் ஃபில்டரும் மாற்றிச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டினாலே பலருக்கும் ஓசை குறைந்துவிடுகிறது. இன்ஜினின் அடிப்பகுதியிலிருந்து, வேகம் கூடக்கூட வலுக்கும் கனத்த தட்டல் ஓசை வந்தால் அது வேறு விஷயம். ஓட்டுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள்.

ஃபில்டர் இருக்கும் இடம்தான் சோதனை. இன்ஜினின் வலப்பக்கத்தில், இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. வலது முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கமாகக் கைவிடுவதே எளிது. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொள்ளாமல் வந்துவிட்டதா என்று உறுதிசெய்யுங்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் எண்ணெய் பீறிடும்.

வால்வுகளைப் பிஸ்டன்களின் இயக்கத்தோடு ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட்டை ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாத இன்ஜின் இது என்பது ஓர் ஆறுதல். இருந்தாலும் முதல்முறை பழுது பார்ப்பவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அதிலும் 1991 வரையிலான தொடக்ககால 1.6 இன்ஜின் என்றால் கிராங்க் புல்லியைக் கவனியுங்கள்: அதில் நான்கு வெட்டுகள் மட்டும் இருந்தால், முனை குட்டையான பழைய கிராங்க் ஷாஃப்ட். அதன் போல்ட்டைத் தவறாகப் பூட்டினால், புல்லியை ஷாஃப்ட்டோடு பிணைக்கும் சாவித்துண்டு ஆடி, ஷாஃப்ட்டே கெட்டுவிடும்.

கேள்வி: கிளட்ச் பெடல் திடீரென்று தளர்ந்து, ரிவர்ஸ் கியர் கரகரவென்று விழுகிறது. கிளட்ச் தட்டு போய்விட்டதா? – லெஸ்டர் வாசகர்

பதில்: முதலில் கிளட்ச்சுக்கென்று தனியாக உள்ள சிறு திரவக் கிண்ணத்தைப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் பெடலின் அழுத்தத்தைத் திரவம் வழியாகப் பெற்றுக் கிளட்ச்சை இயக்கும், கியர்பாக்ஸ் பக்கத்தில் உள்ள ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை மெல்ல நீக்குங்கள். உள்ளே ஈரம் இருந்தால் குற்றவாளி அதுதான். இந்தக் காரில் அடிக்கடி போகும் உறுப்பு அது. விலையும் அதிகமில்லை. அதை மாற்றும்போது குழாயின் நட்டைச் சாதாரண ஸ்பானரால் திருப்பினால் முனைகள் மழுங்கிவிடும் என்பதால், குழாய் நட்டுக்கான ஸ்பானரைப் பயன்படுத்துங்கள். காற்றை வெளியேற்ற இருவர் தேவை: ஒருவர் பெடலை அழுத்திப் பிடித்திருக்க, மற்றவர் ப்ளீட் திருகைத் திறந்து, பெடல் மேலெழுவதற்கு முன்பே மூடிவிட வேண்டும். கிளட்ச்சிலும் பிரேக் திரவம்தான் இருக்கிறது; அது வண்ணத்தில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பெடலுக்கு மேலே காருக்குள் ஈரம் தெரிந்தால், பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரும் கசிகிறது. அப்போது இரண்டையும் ஒன்றாகவே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: முன்விளக்குகளில் ஒன்று மேலெழ மறுக்கிறது. இரவில் வீடு திரும்ப வழி உண்டா? – பிராம்ப்டன் வாசகர்

பதில்: உண்டு. பானட்டைத் திறந்தால், விளக்கைத் தூக்கும் மோட்டாரின் மேல் ரப்பர் மூடியிட்ட ஒரு குமிழ் இருக்கும். அதைக் கையால் தொடர்ந்து திருப்பினால் விளக்கு மெல்ல எழும். ஆனால் அதற்கு முன், இன்ஜின் அறையில் உள்ள பெட்டியில் ரிட்ராக்டர் என்று குறிக்கப்பட்ட ஃப்யூஸைக் கட்டாயம் கழற்றுங்கள். விரல் உள்ளே இருக்கும்போது மோட்டார் திடீரென்று ஓடத் தொடங்கினால் காயம் பலமாக இருக்கும். விளக்கு எழுந்த பின் ஃப்யூஸைத் திரும்பப் போடாமலேயே வீடு வரை ஓட்டலாம், ஏனெனில் விளக்கு எரிவதற்கான மின்சாரம் வேறு ஃப்யூஸ் வழியாக வருகிறது.