மேட்டுப்பாத்தி: மண்ணா, எருவா?

கேள்வி: கோத்தகிரியில் எங்கள் வீட்டின் பின்புறம், முன்பு தேயிலை இருந்த சரிவான நிலத்தில் கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் பயிரிட எண்ணியுள்ளோம். 8 அடி நீளம், 4 அடி அகலம், 1 அடி உயரத்தில் மேட்டுப்பாத்தி கட்டி, அடியில் ஜல்லி பரப்பி, மேலே முழுவதும் மாட்டெருவை நிரப்பும்படி அக்கம்பக்கத்தார் கூறுகின்றனர். அவ்வாறு செய்யலாமா?

பதில்: ஜல்லியும் வேண்டாம், வெறும் எருவும் வேண்டாம். எருவை மட்டும் நிரப்பிய பாத்தி, எரு மேலும் மட்க மட்கச் சுருங்கி, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பல அங்குலம் இறங்கிவிடும். கேரட் கிளைவிட்டுக் கோணலாகும், பீன்ஸ் காய்ப்பதைக் குறைத்து இலையாகவே தழைக்கும். ஜல்லியோ வடிகாலுக்கு உதவுவதற்கு மாறாக இடையூறே செய்யும். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகள் உள்ள கல் அடுக்குக்குள், மண் முழுவதும் நனைந்து ததும்பிய பிறகே நீர் இறங்கும் என்பதால், ஈரம் வேர்களின் அருகிலேயே தேங்கி நிற்கும். அதற்குப் பதிலாக அடிநிலத்தை ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திவிடுங்கள். மண்புழுக்கள் மேலேறி வருவதற்கும் அதுவே வழி.

பாத்தியின் நீளவாக்கு சரிவுக்குக் குறுக்காக அமையட்டும். பள்ளப் பக்கத்துச் சுவரைச் சற்று உயர்த்தி, மேற்பரப்பை மட்டமாக்குங்கள். நிலத்தைக் கொத்தும்போது கிடைக்கும் கற்களைச் சிமென்ட் பூசாமல் அடுக்கினால், இடுக்குகளின் வழியே உபரி நீர் கசிந்து வெளியேறும். மேட்டுப் பக்கத்தில் ஒரு சிறு வாய்க்கால் அவசியம். இல்லையெனில் அக்டோபர், நவம்பர் மழையில் மேலிருந்து பாயும் நீர் பாத்தியை அரித்துவிடும். 4 அடி அகலம் சரியானதே, இருபுறமிருந்தும் கை எட்டும், மண்ணை மிதிக்க நேராது.

உங்கள் பாத்தியின் கொள்ளளவு 32 கன அடி. ஒரு காலி சிமென்ட் சாக்கு ஏறத்தாழ 1.25 கன அடி கொள்ளும் என்பதால், சுமார் 26 சாக்கு தேவைப்படும்: 17 சாக்கு மேல்மண், 9 சாக்கு நன்கு மட்கிய எரு. இரண்டையும் அடுக்கடுக்காக இடாமல் கலந்தே நிரப்புங்கள். கற்பூர மர (யூகலிப்டஸ்) இலைகளை மட்காத நிலையில் சேர்க்காதீர்கள்.

எல்லாவற்றிலும் அழுத்திச் சொல்ல விரும்புவது மண்ணின் புளிப்பைப் பற்றித்தான். தேயிலை நிலத்தின் கார அமில நிலை (pH; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) பெரும்பாலும் 4.5 முதல் 5.5 வரை இருக்கும். காய்கறிகளுக்கு 6 முதல் 6.5 வரை வேண்டும். புளிப்பு மண்ணில் முட்டைக்கோஸின் வேர்கள் வீங்கி முடிச்சிடும் நோய் எளிதில் பரவுகிறது. அதன் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு தங்கிவிடுவதால், வந்த பின் விரட்டுவது மிகக் கடினம். ஆகவே முதலில் மண்ணைப் பரிசோதித்து, அதில் கண்ட அளவுக்கு, புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புவகைக் கல்தூளான டோலமைட்டை நடுவதற்குச் சில வாரங்கள் முன்பே கலந்துவிடுங்கள். நாற்றை வெளியிலிருந்து வாங்கினால் வேரைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: கொடைக்கானலில் கல் கிடைக்காததால் பலகையால் பாத்தி அமைக்கிறேன். உளுத்துப்போகாமலிருக்கப் பழைய என்ஜின் ஆயில் பூசலாமா?

பதில்: கூடாது. அதில் கன உலோகங்களும் நச்சுச் சேர்மங்களும் உள்ளன. அவை மண்ணில் கலந்துவிடும். எதுவும் பூசாத பலகையையே பயன்படுத்தி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஏற்கெனவே ஆயில் பூசிய பலகைகள் இருந்தால் அவற்றைக் காய்கறிப் பாத்திக்கு எட்டாத வேலிக்கு ஒதுக்கிவிடுங்கள்.